ஃபீல்டை ஏற்றச் சொன்னவர்

ஜெயவேலு அந்தச் சொல்லைச் சொன்னபோது ஐரின் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து கேண்டீன் தட்டில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்து மேசைகளில் சிலிண்டர் நிரப்பும் ஆட்கள், ஸ்டோர்ஸ்காரர்கள், வெளியே டேங்கரை நிறுத்திவிட்டு வந்த டிரைவர்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"கேர்லெஸ். வேற இன்னான்னு சொல்றது? இத்தினி வருஷ சர்வீஸ். ஓடற மோட்டார்ல மூடியத் தொறந்து மூஞ்சிய உள்ள வுட்டா? நம்ம ஆளுதான், எனக்கும் வருத்தந்தான். ஆனா கேர்லெஸ்."

சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தின்மேல் தூவிக்கொண்டார். ஜெயவேலு அந்த ஆலையின் மெயின்டனன்ஸ் மேனேஜர். ஐரின் அவருக்குக் கீழே எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர். அவர் சொன்ன 'நம்ம ஆளு' மோட்டார் ஹாலில் ஆபரேட்டராக இருந்த வின்சென்ட். இடது கையும் கன்னமும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"மூடியத் தொறக்க வேண்டி வந்தது எதுனால சார்?" என்று கேட்டாள் ஐரின்.

"அதெல்லாம் என்கொயரில பேசிக்கலாம்மா. மொதல்ல சாப்புடு. கோவத்தோட சாப்ட்டா ஒடம்புல ஒட்டாது."

மேசையைச் சுற்றி ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. ஐரினின் கோபம் அந்த ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது மற்றவர்களுக்கு ஒரு வசதியாகவும் ஆகிப்போயிருந்தது. அவள் எதைச் சொன்னாலும், சொன்னதை விட்டுவிட்டு அவள் குரல் உயர்ந்ததை மட்டும் பேசலாம். 'மேடம் இன்னிக்குச் சூடா இருக்காங்க' என்றால் போதும், அவள் கொண்டுவந்த விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆண் எஞ்சினியர் ஒருவன் ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தால் அவனுக்கு வேலையில் எவ்வளவு பிடிப்பு என்பார்கள். ஐரின் பிசைந்த சாதத்தை அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினாள். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு தேவைக்கு மேல் வெகுநேரம் கழுவினாள்.

ஆலை சந்தாபுராவைத் தாண்டி ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. காற்றை இழுத்து, அழுத்தி, குளிரவைத்து, ஆக்ஸிஜன் வேறு நைட்ரஜன் வேறாகப் பிரித்து அடைத்து அனுப்புவார்கள். காற்றை அழுத்துவதற்கு இரண்டு பெரிய கம்ப்ரஸர்கள். அவற்றை ஓட்டுபவை இரண்டு சிங்க்ரனஸ் மோட்டார்கள், ஆள் உயரத்தைத் தாண்டிய வட்டங்கள். மற்ற இடங்களில் பம்புக்கும் விசிறிக்கும் இருப்பவையெல்லாம் சாதாரண மோட்டார்கள். சாதாரண மோட்டார் தான் சுற்றுவதற்கு வேண்டிய காந்தத்தையும் லைனிலிருந்தே வாங்கிக்கொள்ளும். அதற்காகவே ஒரு கரண்ட் லைனில் ஓடும். அது எந்த வேலையும் செய்யாது. சும்மா போய்ப் போய்த் திரும்பி வரும். அது கூடக் கூட பவர் ஃபேக்டர் இறங்கும், மின்சாரக் கம்பெனி அபராதம் போடும். சிங்க்ரனஸ் மோட்டாரின் கதை வேறு. அதன் சுற்றும் பாகமான ரோட்டருக்குத் தனியாக டி.சி. கரண்ட் கொடுத்துக் காந்தமாக்க வேண்டும். எக்ஸைட்டேஷன் என்பது புத்தகப் பெயர். ஹாலில் 'ஃபீல்டு' என்றால் போதும். ஃபீல்டு குறைவாக இருந்தால் இந்த மோட்டாரும் மற்றவற்றைப்போல லைனிடம் வாங்கும். போதுமான அளவு கொடுத்தால் வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதற்கும் மேலே ஏற்றினால் பக்கத்தில் ஓடும் மற்ற மோட்டார்களுக்கு வேண்டிய காந்தக் கரண்டை இதுவே கொடுக்க ஆரம்பித்துவிடும். ஆலை முழுவதின் பவர் ஃபேக்டரும் நிமிர்ந்துவிடும்.

கோடைக்கு முன்புவரை அந்த வேலையைக் கெப்பாசிட்டர்கள் செய்துவந்தன. கோடையில் அவை உப்பி, ஒவ்வொன்றாக வெடித்தன. புதியவை வாங்கும் ஃபைல் தலைமை அலுவலகத்தில் யாருடைய மேசையிலோ தங்கிவிட்டது. அதுவரைக்கும் இரண்டு மோட்டார்களின் ஃபீல்டையும் கொஞ்சம் ஏற்றிவைக்கலாம் என்று யோசனை சொன்னவள் ஐரின்தான். ஒரு மத்தியானம் அவளும் வின்சென்ட்டும் பேனலுக்கு முன்னால் நின்று அதைச் செய்தார்கள். அவள் குமிழைத் திருப்பினாள். அவர் மோட்டார் எடுக்கும் கரண்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கியது, இறங்கியது, ஓர் இடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் மறுபடி ஏற ஆரம்பித்தது.

"அய்ய, இத்தினி நேரம் ஏத்த ஏத்தக் கொறஞ்சிக்கினு வந்துது. இப்ப ஏறுது. இன்னா மேடம் இது?"

"அந்தப் பள்ளம் பாத்தீங்கல்ல அண்ணா, அதுக்கு இந்தப் பக்கம் வாங்கறது. அந்தப் பக்கம் குடுக்கறது. அதான் ஏறுது."

"அப்ப இத்தினி நாளா வாங்கித்தான் தின்னுக்கினு இருந்துதா?" என்று வின்சென்ட் சிரித்தார். பவர் ஃபேக்டர் முள், லைனிடம் வாங்குவதைக் காட்டும் லேகிங் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்ந்து ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதை ஏதோ கிரிக்கெட் ஸ்கோரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மோட்டாரின் மேல் ஆணியடித்திருந்த தகட்டைத் துணியால் துடைத்து, அதில் பொறித்திருந்த ஃபீல்டு அளவை ஐரின் விரல் வைத்துக் காட்டினாள். "இதுக்கு மேல போகவே கூடாது. ஃபீல்டு ஏற ஏற ரோட்டர் சூடாகும். ஆட்டோவுல வெச்சிருந்தா பேனலே நிறுத்திடும். மேனுவல்ல போட்டா அது கை சொன்னத கேக்கும், தகடு சொன்னத கேக்காது." மீட்டரில் அந்த இடத்துக்கு நேராகச் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடும் போட்டுவைத்தாள்.

அந்த மாத பில்லில் அபராதம் இல்லை. ஜெயவேலு அதைத் தலைமை அலுவலகத்தில் படம் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கிவந்தார். ஐரினுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. வேலை நடந்தால் சரி என்று இருந்தாள். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் ஆலையில் தண்ணீரைக் குளிரவைக்கும் இரண்டு புதிய சில்லர் இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் மோட்டார்களுக்கும் காந்தம் வேண்டுமே. பவர் ஃபேக்டர் மறுபடி இறங்கியது. கெப்பாசிட்டர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்று என்றார் ஜெயவேலு. தகட்டு அளவுக்கு வந்தாயிற்று, இனி முடியாது என்றாள் ஐரின்.

"தகட்டுல எப்பவுமே கொஞ்சம் கொறச்சித்தாம்மா போடுவான் கம்பெனிக்காரன்."

"புது மோட்டாருக்குச் சொல்லுங்க சார். இதுக்கு வயசு என்ன?"

"சரி வுடு, வுடு. ஒடனே ஏறிடுவியே."

அவர் விட்டுவிட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள். மறுநாள் காலை டீ நேரத்தில் ஸப்ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வழியில் மோட்டார் ஹாலுக்குள் நுழைந்தபோது வின்சென்ட்டே கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், சார் ஃபோன் பண்ணாரு. ஒண்ணாம் நம்பர மேனுவல்ல போட்டு ஏத்தச் சொன்னாரு. ஏத்திட்டேன்." அவள் மீட்டரைப் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அதற்கப்புறம் கோபத்தில் அவளுக்குக் கண் தெரியவில்லை. அப்படியே திரும்பி இரும்புப் படிகளில் ஏறி, மாடியில் இருந்த ஜெயவேலுவின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். படியேறும்போதே சொல்லவேண்டிய வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. கீழே, கடை ஷட்டரை யாரோ ஒரே இழுப்பில் இறக்கியதுபோல ஒரு சத்தம். அதையடுத்து இரண்டு மோட்டாரும் நின்று ஹால் முழுவதும் அமைதியானது. அந்த அமைதிதான் அவளை ஓடவைத்தது.

டி.சி. கரண்ட் சுற்றும் பாகத்துக்குள் போவது இரண்டு உலோக வளையங்கள் வழியாக. அவற்றின்மேல் கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். அளவுக்கு மீறிய கரண்டில் பிரஷ்கள் பழுத்துப்போய்ப் பொறி கக்க ஆரம்பித்திருக்கின்றன. கிறீச் கிறீச்சென்று சத்தம் வந்ததும் வின்சென்ட் வலைமூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார். திறந்த நேரத்தில் வளையத்துக்கு வளையம் நெருப்பு தாவிவிட்டது. ஹாலின் மறுகோடியில் இருந்த இன்னோர் ஆபரேட்டர் ஓஸ்வால்ட்தான் ஓடிவந்து அவரைப் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டான். ஐரின் போய்ச் சேர்ந்தபோது வின்சென்ட் தரையில் உட்கார்ந்து தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி இன்னும் வந்து சேரவில்லை.

வின்சென்ட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐரின் அவரைப் பார்க்கப் பொம்மனஹள்ளிக்குப் போனாள். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கவேண்டிய சந்து. மூன்றாம் மாடி. கார்மெண்ட்ஸுக்குப் போகும் பெண்கள் அந்த ஒருநாள் விடுமுறையில் துவைத்துப் போட்ட சுடிதார்கள் படிக்கட்டுவரை சொட்டிக்கொண்டிருந்தன. வின்சென்ட் கட்டிலில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். கன்னத்தில் புதுத் தோல் பன்றிக்குட்டி நிறத்தில் மினுங்கியது. மனைவி பிரிஜெட் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள்.

"என்கொயரிக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றாரு அண்ணா. நீங்க நடந்ததச் சொல்லுங்க. நானும் சொல்றேன்."

வின்சென்ட் ஜன்னலைப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மேடம்."

"ஏன்?"

"நானா ஏத்துனேன்னு சொல்லிடறேன். ஜெயவேலு வந்து பேசிட்டுப் போனாரு. ஸ்டோர்ஸ்ல ஒக்கார்ற வேலை போட்டுத் தர்றேன்னு சொல்லிக்கீறாரு."

"அவர் ஃபோன் பண்ணி ஏத்தச் சொல்லிட்டு இப்ப உங்களக் கேர்லெஸ்ஸுன்னு கேண்டீன்ல உக்காந்து பேசறாரு. தெரியுமா உங்களுக்கு?"

"பேசட்டும். மைன்ஸ் மூடனப்ப கே.ஜி.எஃப்.லேர்ந்து ட்ரெயின்ல தொங்கிக்கினு வந்து இந்த ஊர்ல தெருத்தெருவா அலஞ்சவன் நானு. அவருதான் இட்டாந்து உள்ள வெச்சாரு. எங்க அப்பாவும் அவங்க அப்பாவும் ஒரே ஷாஃப்ட்ல எறங்கனவங்க."

"அதுக்காக? உங்க கையப் பாருங்க அண்ணா."

"பாத்துக்கினுதான் கீறேன் மேடம், ராவும் பகலும்." அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் ஏறியது. "இந்தக் கைய வெச்சிக்கினு வெளிய போனா எவன் வேலை குடுப்பான்? நீங்க சண்ட போட்டுட்டு நாளிக்கே வேற எடம் போயிடலாம். படிப்பு கீது. கூப்பிடுவாங்க. நான் எங்க போறது?"

ஐரினுக்கு அவர்மேலேயே ஆத்திரமாக வந்தது. இப்படி ஒரு மனுஷன் இருப்பானா, சுட்டவனைக் காப்பாற்றுவதற்குச் சூடுபட்டவன் இவ்வளவு பாடுபடுவானா என்று தோன்றியது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது அந்த ஆத்திரத்தை இன்னும் வளர்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அடுப்படி வாசலிலிருந்து பிரிஜெட் பேசினாள்.

"மேடம், நான் ஒண்ணு கேக்கட்டா? ஃபீல்டு ஏத்தியாச்சின்னு இவரு உங்ககிட்டச் சொன்னாரில்ல?"

"சொன்னாரு."

"தப்புன்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க. நீங்க இன்னா பண்ணீங்க? மேல போயி சண்ட போட்டீங்க. எறக்கி வுட்டுட்டுப் போயி சண்ட போட்டிருந்தா இன்னா?"

"ஏய் பிரிஜெட், சும்னே இரு," என்றார் வின்சென்ட்.

"இல்ல, கேக்கறேன். கோவம் அவ்ளோ அவசரமா?"

டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஐரின் அதை எடுத்துக் குடித்தாள். அன்று குமிழ் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு திருப்பு. படியேறுவதற்கு முன் அதைச் செய்ய எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அன்றிலிருந்து அவள் நெருங்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த இடம் அது. இந்தப் பெண் நேராக அதன்மேல் விரலை வைத்துவிட்டாள். "வரேன் அண்ணா" என்று எழுந்து, ஈரத் துணிகளுக்குக் கீழே குனிந்து படியிறங்கினாள். கீழே வந்து ஸ்கூட்டர் சாவியைப் போட்டாள். பிரிஜெட்மேல் கோபப்பட முயன்று பார்த்தாள். வரவில்லை. வராத அந்தக் கோபமும் சேர்ந்து ஜெயவேலுவின் பக்கம் திரும்பியது.

அன்று மாலை, குக்கர் விசிலுக்குக் காது கொடுக்கவில்லை என்று கணவன் கிளாரன்ஸிடம் கத்தினாள். அவன் வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறவன். பொறுமையாகக் கேஸை அணைத்துவிட்டு, "என்கிட்டக் கத்தாத ஐரின். நான் எந்த ஃபீல்டையும் ஏத்தல" என்றான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"நீ சொல்லு. நான் சொல்லலாமா வேணாமா? அவரே வேணாங்கறாரு."

"அவர் வேலை போயிடும்னா வேணாம்."

"அப்ப ரெண்டாம் நம்பர் மோட்டார் இருக்கே, அதுலயும் நாளைக்கு இதையே செய்வாங்க. அங்க நிக்கறவனுக்கு யார் சொல்றது?"

கிளாரன்ஸ் தட்டுகளை எடுத்து வைத்தான்.

விசாரணைக்கு வந்தவர் ராகேஷ், தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவு. இங்கிலீஷிலும் கன்னடத்திலுமாகப் பேசினார். மரியாதையான ஆள், எல்லோருக்கும் முன்னால் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தார். ஐரின் இந்த முறை குரலை உயர்த்தவே கூடாது என்று தீர்மானித்துப் போயிருந்தாள். கெப்பாசிட்டர் வெடித்ததிலிருந்து ஆரம்பித்து, ஃபீல்டு ஏறினால் என்ன ஆகும், தகட்டு அளவு எது, மேனுவலில் போட்டால் எந்தக் காவலும் இல்லை என்பதுவரை ஒழுங்காகச் சொன்னாள். முந்தைய நாள் தான் மறுத்ததைச் சொன்னாள். ஃபோன் வந்தது என்று வின்சென்ட் தன்னிடம் சொன்னதைச் சொன்னாள். அதைக் கேட்டபின் ஃபீல்டை இறக்காமல் மாடிக்குப் போனதையும் விடவில்லை. "நான் எறக்கியிருக்கணும். அது என் தப்பு. ஏத்தச் சொன்னது சாரோட தப்பு."

ஜெயவேலு மேசையைப் பார்த்துக்கொண்டு தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தை உளறுவதைக் கேட்கும் பெரியவர்போல இருந்தது.

வின்சென்ட்டைக் கூப்பிட்டார்கள். கட்டுக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஃபீல்டை ஏற்றச் சொன்னது யார் என்று ராகேஷ் கன்னடத்தில் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் ஏத்துனேன். பவர் ஃபேக்டர் கம்மியா இருந்துது, மேடம் முன்னாடி சொல்லிக் குடுத்திருந்தாங்க, அந்த ஞாபகத்துல."

"ஜெயவேலு சார் ஃபோன் பண்ணாரா?"

"பண்ணாரு. அது சில்லர் விஷயமா."

ஒருமுறைகூட ஐரினின் பக்கம் பார்க்கவில்லை. ராகேஷ் பேனாவை மூடிவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மிகவும் அக்கறையாகக் கேட்டார்: "மேடம், உங்களுக்கும் சாருக்கும் நடுவுல ஏதாவது பர்சனல் பிராப்ளம் இருக்கா? இருந்தா சொல்லலாம்."

"சார், ஐரின் நல்ல எஞ்சினியர்," என்றார் ஜெயவேலு முந்திக்கொண்டு. "நம்ம பொண்ணு மாதிரி. கொஞ்சம் கோவம் ஜாஸ்தி. அவ்ளோதான்."

அந்த அறையில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் சொன்னதுதான் சரி என்றாகியிருக்கும். எழுந்து வெளியே வந்து, மோட்டார் ஹாலின் பின்புறம் கூலிங் டவரின் இரைச்சலுக்கு நடுவே போய் நின்று, அங்கே கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. தண்ணீர்த் திவலைகள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

முடிவு சீக்கிரமே வந்தது. வின்சென்ட்டுக்கு ஓர் எச்சரிக்கை, ஸ்டோர்ஸில் வேலை. ஹாலில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு புதிய போர்டு: ஓடும் இயந்திரத்தின் மூடியைத் திறக்காதீர்கள். ஃபீல்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒன்றாம் நம்பர் மோட்டாரின் ரோட்டரை கிரேன் வைத்துத் தூக்கி, தார்ப்பாய் போர்த்தி, ரீவைண்டிங்குக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வாரமே பிரிஜெட்டிடமிருந்து ஃபோன் வந்தது. "சொல்லாதீங்கன்னு அவரு அவ்ளோ கேட்டுக்கினாரு. நீங்க சொல்லிட்டீங்க. அவரு பொய் சொல்லி எங்க சோத்தக் காப்பாத்திக்கினாரு. இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க மேடம்." ஐரின் சரி என்றாள்.

ஸ்டோர்ஸ் ஜன்னலில் சிலசமயம் வின்சென்ட் உட்கார்ந்திருப்பார். கேட்ட சாமானை வலது கையால் எடுத்துத் தள்ளுவார். அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவளும் பேசமாட்டாள். மன்னித்துவிடலாம் என்று சில காலைகளில் நினைப்பாள். ஜன்னலருகே வந்ததும், 'யாரும் சொல்லல சார்' என்ற அந்தக் குரல் காதில் விழும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

இப்போது ஓடிக்கொண்டிருந்தது இரண்டாம் நம்பர் மட்டும். ஐரின் அதை ஆட்டோவில் போட்டு, தகட்டு அளவுக்குள் நிறுத்தியிருந்தாள். கொடுத்துக்கொண்டிருந்த இரண்டில் ஒன்று போய்விட்டதால் பவர் ஃபேக்டர் லேகிங் பக்கம் நன்றாகவே சரிந்திருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து தினமும் ஜெயவேலுவுக்கு ஃபோன். கைதட்டியவர்களேதான் இப்போது கேள்வி கேட்டார்கள். ஒரு முற்பகல், மொபைலைக் காதில் வைத்தபடியே அவர் மோட்டார் ஹாலுக்குள் வந்தார். "ஆய்த்து சார், ஈகலே மாடிஸ்தினி, ஈகலே" என்று, அதாவது ஆயிற்று, இப்போதே செய்யவைக்கிறேன் என்று, கன்னடத்தில் உறுதி சொல்லிக்கொண்டே வந்து பேனலுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே டூட்டியில் ஓஸ்வால்ட் இருந்தான். கொஞ்சம் தள்ளி ஐரின், கேபிள் மாட்ட வந்த கான்ட்ராக்ட் ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஓஸ்வால்ட், மேனுவலுக்குத் தள்ளு. ஏத்து."

ஐரின் பேச்சை நிறுத்தினாள். நெஞ்சுக்குள் அந்த வாக்கியங்கள் எல்லாம் மறுபடி வரிசையில் வந்து நிற்பதை உணர்ந்தாள். இந்த முறை எதையும் வெளியே விடவில்லை. நடந்துவந்து பேனலின் இந்தப் பக்கம், குமிழ் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டாள். ஏற்றினால் இறக்குவது, மறுபடி ஏற்றினால் மறுபடி இறக்குவது. அதற்குமேல் அவளிடம் எந்தத் திட்டமும் இல்லை.

ஓஸ்வால்ட் அதிகம் பேசாதவன். விசாரணையில் தான் தூரத்தில் இருந்ததாகவும் எதுவும் தெரியாது என்றும் சொன்னவன். அவன் மீட்டரைப் பார்த்தான். கையுறையைக் கழற்றினான்.

"சார், நீங்களே ஏத்துங்க," என்றான்.

"இன்னாடா?"

"நான் பக்கத்துலயே நிக்கறேன் சார். நீங்க ஏத்துங்க."

சொன்ன விதத்தில் அவமரியாதை எதுவும் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொல்வதுபோலச் சொன்னான். கான்ட்ராக்ட் ஆட்கள் கேபிளைத் தரையில் வைத்தார்கள். கம்ப்ரஸர் பக்கமிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஜெயவேலு ஐரினைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல சார்."

நிஜமாகவே இல்லை. ஓஸ்வால்டின் வாயிலிருந்து அது வரும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவனைத் திரும்பிப் பார்க்கவேண்டும்போல இருந்தது. ஆனால் கண்ணைக் குமிழிலிருந்து எடுக்கவில்லை. ஜெயவேலுவின் மொபைலில் தலைமை அலுவலகத்துக் குரல் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது, சின்னதாக, பூச்சி கத்துவதுபோல. அவர் அதைச் சட்டைப்பையில் போட்டார். போட்டும் அது ஓயவில்லை.

மெதுவாகக் கையை நீட்டி ஸ்விட்சை மேனுவலுக்குத் தள்ளினார். பிறகு கை குமிழுக்குப் போனது, அதைத் தொடாமல் நின்றது. கல் மோதிரம் போட்ட அந்த விரல்கள் அரைவாசி விரிந்தபடி இருந்தன. வலைமூடிக்குப் பின்னால் இரண்டு வளையங்களும் எண்ணெய் பூசியதுபோல மினுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. யாரும் நகரவில்லை. சட்டைப்பைக்குள்ளிருந்து அந்தச் சின்னக் குரல், "ஹலோ? ஹலோ? ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.